ஐந்து நிமிடம் ஓடும் பெட்டரி

மஸ்கெலியா பஸ் நிலையத்துக்குப் பின்னால் ரிஸ்வி வைத்திருக்கும் ரிப்பேர் கடைக்குள் ஒரு ஆள் நுழைந்தால் இன்னொரு ஆள் வெளியே நிற்க வேண்டும். கடைதான் சின்னது, ரிஸ்வியின் வாய் பெரியது. எந்தப் பொருள் வந்தாலும் முதலில் பொருளைத் திட்டுவார், அப்புறம் கொண்டுவந்த ஆளைத் திட்டுவார், அதற்கப்புறம்தான் ஸ்குரூ டிரைவரைத் தேடுவார். அந்த வெள்ளிக்கிழமை காலையில் அழகம்மா கொண்டுபோய் வைத்த கேசட் ரெக்கோடரின் பின்மூடியைத் திறந்தவர், எங்கிருந்து திட்டத் தொடங்குவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் திகைத்துத்தான் போனார்.

நாலு பெட்டரியும் உள்ளேயே வீங்கிப் பிளந்து கிடந்தன. கறுப்பும் பழுப்புமாய் ஒரு பசை வழிந்து காய்ந்து, வெள்ளையும் பச்சையுமாய்ப் பூத்து, ஸ்பிரிங் இருந்த இடமே தெரியவில்லை.

"எங்கம்மா வச்சிருந்தீங்க இத?"

"அடுப்புக்கு மேல, பலகையில."

"பெட்டரியோடயா?"

"பெட்டரி இல்லாம எப்படிப் பாடும்?"

அழகம்மாவைக் கேட்டால் அவள் செய்ததில் ஒரு பிழையும் இல்லை. தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசையாய் ஒட்டிக் கட்டிய ஒற்றை அறைக் காம்பராவில், மழைக்காலம் வந்தால் சுவரே வேர்க்கும். நனையக் கூடாதது எதுவோ அது அடுப்புக்கு மேல் கம்பியில் தொங்கும் பலகைக்குப் போய்விடும். உப்பு, நெருப்புப்பெட்டி, அடையாள அட்டை, மகளின் பள்ளிக்கூடச் சான்றிதழ்கள், புருஷன் மருதவீரனின் மரணச் சான்றிதழ், எல்லாம் அங்கேதான். எல்லா வீட்டிலும் அப்படித்தான். ரெக்கோடரும் பொலித்தீனில் சுற்றிய மேனிக்கு இரண்டு வருடம் அங்கேயே இருந்தது. ஈரத்திலிருந்து காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு தினம் மூன்று வேளை அதை வேகவைத்திருக்கிறாள்.

ரிஸ்வி ஆரம்பித்தார். சொன்னதெல்லாம் நல்ல விஷயம்தான், சொன்ன விதம்தான் செருப்பால் அடிக்கிற மாதிரி இருந்தது. பாடவிடாமல் சும்மா வைப்பதென்றால் பெட்டரியைக் கழற்றிவிட வேண்டும். நெருப்புக்குப் பக்கத்தில் வைத்தால் ஒன்று கசியும், இல்லாவிட்டால் வெடித்துக் கண்ணைக் கெடுக்கும். கசிந்ததைத் தொட்ட கையைக் கழுவாமல் முகத்தில் வைக்கக் கூடாது. கடுங்குளிரில் வைத்தாலும் பெட்டரிக்குத் தெம்பு போய்விடும். கண்ட கண்ட சார்ஜரைக் கொண்டுபோய்ச் செருகினால் பெட்டி புகைந்துபோகும். அழகம்மா இதில் ஒன்றையும் காதில் வாங்கவில்லை. அவள் மனம் முழுக்க ஞாயிற்றுக்கிழமையில் இருந்தது.

ரிஸ்வி தேசிக்காயைப் பிழிந்து, அந்தப் புளிப்புச் சாற்றில் பழைய பிரஷ்ஷைத் தோய்த்துத் தேய்த்து, சேண்ட் பேப்பரால் சுரண்டி, இளகிப்போயிருந்த ரப்பர் பெல்ட்டையும் மாற்றினார். தன்னிடம் இருந்த பெட்டரியைப் போட்டு, அவள் கொண்டுவந்த கேசட்டையே உள்ளே வைத்து அமுக்கினார். முதலில் ஒரு இருமல் கேட்டது. பிறகு, "அழகம்மா, நாந்தான் பேசுறேன்" என்றது ஒரு ஆண்குரல். அழகம்மா பாய்ந்து நிறுத்தினாள்.

"யாரு அது?"

"எம் புருசன். போயி ரெண்டு வருசம்."

ரிஸ்வி கையிலிருந்த பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு, பின்மூடியை மெதுவாகச் சாத்தினார். பிறகு, போடுவதென்றால் நாலும் புதுசாகப் போட வேண்டும், புதுசையும் பழசையும் கலந்தால் புதுசு பழசுக்கும் சேர்த்து உழைத்துச் சாகும் என்று மறுபடி தொடங்கிவிட்டார்.

அப்போதுதான் அழகம்மாவுக்குக் காது திறந்தது.

"கலந்து போட்டா எவ்வளவு நேரம் ஓடும்?"

"என்னத்துக்குக் கேக்குறீங்க?"

"சும்மாதான்."

"பழசு எவ்வளவு பழசோ அதப் பொறுத்தது. அஞ்சு நிமிசம் ஓடும், பத்து நிமிசம் ஓடும். அப்புறம் இழுத்துக்கிட்டுப் படுத்துரும். செய்ய வேணாம்னு சொல்றேன், வெளங்குதா?"

நன்றாகவே விளங்கியது. நாலு வேண்டாம், இரண்டு பெட்டரி போதும் என்றாள். ரிஸ்வி அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, இவ்வளவு நேரம் சுவரோடுதான் பேசியிருக்கிறேன் என்று முணுமுணுத்தபடி இரண்டை எடுத்து வைத்தார்.

சண்டை ஒரு துண்டு நிலத்துக்கு. லயத்துக்கு மேலே, தேயிலை வைக்காமல் விட்டிருந்த சரிவில், கல் கட்டி நாலு தட்டாக இறக்கிய மரக்கறித் தோட்டம். லீக்ஸும் கரட்டும் போட்டால் பொன்னாய் வரும். கீழ் இரண்டு தட்டுக்கும் பக்கத்திலேயே பீலி, வருடம் முழுக்க மலைத்தண்ணீர் விழுந்துகொண்டிருக்கும். மேல் இரண்டு தட்டுக்கு மழை பெய்தால்தான் உண்டு. இப்படிப்பட்ட துண்டுகளை யார் யார் செய்கிறார்கள் என்று பெயர் எழுதி அனுப்பும்படி தோட்டத்து ஒபிஸில் கேட்டிருந்தார்கள். திங்கட்கிழமை லிஸ்ட் போகிறது. ஒரு தடவை பெயர் ஏறிவிட்டால் ஏறியதுதான், அப்புறம் அழுது புரண்டாலும் மாற்ற முடியாது.

அழகம்மா இருபது வருடத்துக்கு முன்னால் நாலு வருடம் குவைத்தில் வீட்டு வேலை செய்தவள். அவள் அனுப்பியதில்தான் கல் வந்தது, அதை நெம்ப அலவாங்கு வந்தது, பன்றி புகாமல் சுற்றிக் கட்டக் கம்பி வந்தது. அடுத்தவன் வீட்டுத் தரையில் முழங்கால் தேயத் துடைத்த ஒவ்வொரு நாளும் அந்த நாலு தட்டைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். மருதவீரனுக்கு எழுதத் தெரியாது. அவள் முதல் வருடமே வாங்கி அனுப்பிய ரெக்கோடருக்கு முன்னால் உட்கார்ந்து பேசி, ஹட்டன் பக்கமிருந்து குவைத்துக்குப் போகும் பெண்களிடம் கேசட்டைக் கொடுத்துவிடுவான். அதுதான் அவர்களுக்குக் கடிதம்.

மருதவீரன் இறந்து வருஷம் திரும்பியதும் அவன் தம்பி நல்லமுத்து வந்து நின்றான். சுவருக்கு அந்தப் பக்கத்துக் காம்பராக்காரன். பீலிப் பக்கத்து இரண்டு தட்டையும் அண்ணன் தனக்கென்று சொல்லியிருப்பதாகச் சொன்னான். அழகம்மாவுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. யாரிடம் சொன்னார், எங்கே சாட்சி என்று கேட்டாள். கல் தூக்கிக் கட்டியது நான்தானே, இன்றைக்கும் மண்ணைக் கொத்துகிறது நான்தானே என்றான் அவன். கூலிக்குக் கல் தூக்கியவனெல்லாம் பங்குக்கு வந்தால் ஊரில் ஒருத்தருக்கும் நிலம் மிஞ்சாது என்று வாயைவிட்டாள். நல்லமுத்துவின் முகம் கறுத்துப் போயிற்று. ஒரு வார்த்தை பேசாமல் போனவன், அடுத்த வாரமே நாலு தட்டும் தன்னுடையது என்று தோட்டத் தலைவர் பிரதாப்பிடம் பெயர் கொடுத்துவிட்டான்.

அதற்கப்புறம் அந்த லயத்தில் நிம்மதி என்பதே இல்லாமல் போனது. நல்லமுத்துவின் பெண்சாதி ரோகினி குப்பையைக் கூட்டி அழகம்மாவின் வாசலோடு நிறுத்துவாள். அழகம்மா பாத்திரம் கழுவிய தண்ணீரை அவர்கள் படியில் ஊற்றுவாள். ஒரு நாள் அழகம்மாவின் கோழி காலொடிந்து வந்தது. மறுநாள் காலையில் ரோகினியின் லீக்ஸ் நாற்று வேரோடு பிடுங்கிக் கிடந்தது. யார் செய்தது என்று யாரும் கேட்கவில்லை, எல்லாருக்கும் தெரியும்.

போன திங்கட்கிழமை பெரட்டில், கொழுந்து பறிக்கும் பெண்கள் அத்தனை பேரும் வேலைக்குப் பெயர் கொடுக்க நின்ற இடத்தில், ரோகினி ஜாடையாக ஏதோ சொல்லப்போய், அழகம்மாவுக்குப் பொறுக்கவில்லை. அந்தத் தோட்டம் எனக்குத்தான் என்று என் புருஷன் தன் வாயாலேயே சொல்லியிருக்கிறார், கேசட் இருக்கிறது, வேண்டுமானால் ஊர் கூடிக் கேளுங்கள் என்று கத்திவிட்டாள். பிரதாப் இதுதான் சாக்கென்று பிடித்துக்கொண்டான். நாற்பது வயதுக்குள் தலைவராகி, இரண்டு பேருடைய வீட்டிலும் தேநீர் குடித்துக்கொண்டு, யாரைப் பகைத்துக்கொள்வது என்று தெரியாமல் முழித்துக்கொண்டிருந்தவன். ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குக் கோயில் முன்னால் கேசட்டைக் கொண்டுவந்து போடச் சொன்னான். அது என்ன சொல்கிறதோ அதன்படி எழுதுவேன் என்றும் சொன்னான்.

கேசட்டில் இருந்ததும் உண்மை, அழகம்மா சொன்னதும் உண்மை. ஆனால் அவள் சொல்லாத ஒன்றும் அதில் இருந்தது. கேசட் ஓடத் தொடங்கி மூன்றாவது நிமிடத்தில் மருதவீரன் நாலு தட்டும் உன் பேருக்குத்தான் என்கிறான். ஏழாவது நிமிடத்தில், பீலிப் பக்கத்துப் பாதியைத் தம்பிக்குச் சொல்லிவிட்டேன் என்கிறான். குவைத்தில், எஜமானியின் சமையலறையில் இருந்த பெட்டியில் போட்டுத்தான் அழகம்மா முதல் தடவை அதைக் கேட்டாள். நான் இங்கே நாய் மாதிரி உழைக்கிறேன், இவர் அங்கே தானம் பண்ணுகிறாரா என்று அதே இடத்தில் படாரென நிறுத்தினாள். அதற்கப்புறம் எத்தனையோ தடவை அந்தக் கேசட்டைக் கேட்டிருக்கிறாள், ஒவ்வொரு தடவையும் அந்த வார்த்தை வருவதற்கு முன்னாலேயே கை போய்விடும். அதற்கு மேல் மருதவீரன் என்ன பேசினான் என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளத் தோன்றியதும் இல்லை.

ஊருக்கு நடுவில் கையால் நிறுத்தினால் நல்லமுத்து சும்மா இருப்பானா? மிச்சத்தையும் போடு என்பான், பிரதாப்பும் தலையாட்டுவான். அந்த இடத்தை மட்டும் அழித்துவிடலாம் என்றால் பதிவு செய்கிற சிவப்புப் பட்டனைத் தொட அவளுக்குப் பயம், ஒன்றை அழிக்கப்போய் எல்லாம் போய்விட்டால் என்ன செய்வது? பெட்டி தானாகப் படுத்துக்கொண்டால் அதற்கு யாரைக் குற்றம் சொல்ல முடியும்? ரிஸ்வி செய்யாதே செய்யாதே என்று தலையில் அடித்துக்கொண்ட ஒன்றைத்தான் அவள் செய்தாக வேண்டும். மூன்றாவது நிமிடத்தைத் தாண்டிய பெட்டரி ஏழாவது நிமிடத்தை எட்டக் கூடாது.

சனிக்கிழமை பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டாள். டோர்ச்சிலிருந்த பழைய பெட்டரி இரண்டு, ரிஸ்வியிடம் வாங்கிய புதுசு இரண்டு. கூட்டல் கழித்தல் பார்த்து ஒன்றுவிட்டு ஒன்றாகப் போட்டாள். சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டுவிடுமே என்று சத்தத்தைக் குறைத்துவைத்து, அடுப்பங்கரையில் நெருப்புக்குப் பக்கத்திலேயே பலகை போட்டு உட்கார்ந்து, எதிரே மணிக்கூட்டை நிறுத்திக்கொண்டு அமுக்கினாள். மூன்றாவது நிமிடம் சுத்தமாகத் தாண்டியது. ஐந்தரையில் குரல் இழுத்தது, ஆறுக்கு முன்னால் நின்றுவிட்டது. பெட்டரியை வெளியே எடுத்து அடுப்புத் திண்டில் வைத்து இளைப்பாறவிட்டு, கேசட்டைப் பென்சிலால் பின்னுக்குச் சுற்றி, மறுபடி போட்டாள். ஐந்து நிமிடம் ஓடியது. மூன்றாவது தடவையும் ஐந்து. அழகம்மாவுக்கு அப்படி ஒரு சந்தோஷம். மகள் நோர்வூட்டில் கட்டிக்கொண்டு போன நாளில்கூட அவ்வளவு சந்தோஷப்பட்டிருக்க மாட்டாள். நாளைக்கு நல்லமுத்துவின் மூஞ்சியைப் பார்க்க வேண்டும், ரோகினியின் மூஞ்சியை அதைவிடப் பார்க்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே, தனக்கு மட்டும் ஒரு முட்டையைப் பொரித்துச் சாப்பிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தபோது எதிர் மலை இருந்த இடமே தெரியவில்லை. தை மாதத்துப் பனி எலும்புக்குள் போய் உட்கார்ந்தது. அழகம்மா ரெக்கோடரை மார்க்கட் பையில் போட்டுக்கொண்டு ஏழே முக்காலுக்கே கோயில் வாசலுக்கு வந்துவிட்டாள். எட்டு மணிக்கு வரச் சொன்ன பிரதாப் ஒன்பதே காலுக்கு, தலையில் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு வந்தான். தலைவரென்றால் காக்கவைக்க வேண்டும் என்று எவனோ சொல்லிக்கொடுத்திருக்கிறான். அதுவரை பை ஈரச் சிமெந்தில் அவள் காலடியிலேயே கிடந்தது. அடுப்பங்கரையில் ஓடிய பெட்டரி கோயில் வாசலிலும் அப்படியே ஓடும் என்றுதான் அவள் நம்பியிருந்தாள்.

முப்பது நாற்பது பேர் கூடியிருந்தார்கள். நல்லமுத்து பழைய ஸ்வெட்டரின் பைக்குள் கையை விட்டுக்கொண்டு எதிரே நின்றான், பக்கத்தில் ரோகினி. அழகம்மா பெட்டியைப் பெஞ்சின் மேல் வைத்து அமுக்கினாள். இருமல் வந்தது, மருதவீரன் வந்தான். பின்னால் நின்றவர்கள் கேட்கவில்லை என்றார்கள். பிரதாப் கையை நீட்டிச் சத்தத்தை முழுக்கத் திருகிவிட்டான். மழை விடாமல் பெய்கிறது என்றான் மருதவீரன். பசு கன்று போட்டிருக்கிறது, பாப்பா கணக்கில் நல்ல மார்க் வாங்கியிருக்கிறாள் என்றான். இரண்டாவது நிமிடத்தில் மகளின் பெயரைச் சொல்லும்போதே குரல் இழுத்தது. இழுத்து, கனத்து, தண்ணி போட்டவன் சுவரைப் பிடித்துக்கொண்டு பேசுகிற மாதிரி ஆகி, ஒரு முனகலோடு நின்றது.

யாரோ சிரித்தார்கள். ஒருத்தர் தொடங்கினால் போதாதா, கூட்டம் முழுக்கச் சிரித்தது. போன இடத்திலும் மருதவீரன் குடியை விடவில்லை போல என்று ஒரு கிழவர் சொன்னார். அழகம்மா பெட்டியைத் தட்டினாள், மறுபடி அமுக்கினாள், பெட்டரியைக் கழற்றிப் புடவையில் துடைத்துப் போட்டாள். பச்சைத் தண்ணீரில் கிடந்த மாதிரிச் சில்லிட்டிருந்தன அவை. ஒரு முனகல், அவ்வளவுதான்.

பிரதாப் கையில் இருந்த தாளைப் பிரித்தான். வேறு சாட்சி இருக்கிறதா என்று கேட்டான். அவள் பெட்டியையே தட்டிக்கொண்டிருந்தாள். அப்படியானால் இவ்வளவு நாளாக மண்ணைக் கொத்துகிறவர் பெயரைத்தான் எழுத வேண்டியிருக்கும் என்று பேனாவைத் திறந்தான். நாலு தட்டும் போகிறது.

அப்போதுதான் ரோகினி விறுவிறுவென்று லயத்துக்கு இறங்கினாள். ஐந்து நிமிடத்தில் மூச்சிரைக்கத் திரும்பி வந்து, தங்கள் வீட்டு ரேடியோவிலிருந்து பிடுங்கிய நாலு பெட்டரியைப் பெஞ்சில் கொட்டினாள்.

"போன வாரந்தான் போட்டது. இதப் போட்டுக் காட்டச் சொல்லுங்க. நாளைக்கு எங்களப் பாத்து, பெட்டரி இல்லாததால அடிச்சிப் புடுங்கிட்டாங்கன்னு ஒருத்தரும் சொல்லக் கூடாது."

அழகம்மா நல்லமுத்துவைப் பார்த்தாள். அவன் தலையை ஆட்டினான்.

"போடுங்க மதினி. எங்கண்ணன் பொய் சொல்லாது."

போட்டால் ஏழாவது நிமிடம் வரும், பாதி போகும். போடாவிட்டால் முழுதும் இப்போதே போகும். அவளுக்கு அந்த நாலு பெட்டரியையும் எடுத்து ரோகினியின் முகத்தில் வீசலாம் போல இருந்தது. வீசவில்லை. தன்னுடையதைக் கழற்றிவிட்டு எதிரியின் பெட்டரியைப் போட்டாள்.

மருதவீரன் நேற்றுத்தான் பேசிய மாதிரிப் பேசினான்.

"நாலு தட்டும் கட்டி முடிச்சாச்சு. இது ஒன் ஒழைப்பு அழகம்மா. ஒம் பேருக்குத்தான். நாளைக்கு எவன் வந்து கேட்டாலும் இந்தப் பேச்சையே போட்டுக் காட்டு."

ரோகினியின் முகத்தில் ஈயாடவில்லை. கொழுந்துப் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். பிரதாப் பெருமூச்சு விட்டு, இதற்குமேல் என்ன இருக்கிறது, தெளிவாகச் சொல்லிவிட்டாரே என்றான். அழகம்மாவின் விரல் அதற்குள் நிறுத்துகிற பட்டனுக்குப் போய்விட்டது. நல்லமுத்து இரண்டு எட்டில் பெஞ்சுக்கு வந்தான்.

"கைய எடுங்க. பெட்டரி என்னோடது. முழுசும் ஓடணும்."

அவள் கையை எடுத்தாள். மருதவீரன் கரட் விலையைப் பற்றிச் சொன்னான், குவைத்தில் குளிருமா என்று கேட்டான், நேரத்துக்குச் சாப்பிடு என்றான். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வரப்போகிறது என்று அந்தக் கூட்டத்தில் அவளுக்கு மட்டும் தெரியும். வந்தது.

"ஒண்ணு சொல்லணும். பீலிப் பக்கத்துப் பாதியத் தம்பிக்குச் சொல்லிட்டேன்."

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. பிறகு அவள் வாழ்நாளில் கேட்டிராத பேச்சு தொடங்கியது.

"இதக் கேட்டதும் நீ பொட்டிய நிப்பாட்டிருவ, ஒங் கோவம் எனக்குத் தெரியாதா. நிப்பாட்டாத. எனக்கு மூணு மாசமா மஞ்சக் காமால. ஒனக்குச் சொன்னா வேலைய விட்டுட்டு ஓடியாந்துருவ, அதான் சொல்லக் கூடாதுன்னு தம்பிகிட்டச் சத்தியம் வாங்கிட்டேன். கல்லு பூராவும் அவந்தான் தூக்குனான். ஒரு சல்லி வாங்கல. மழையில என்னய முதுகுல போட்டுக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு எறங்குனதும் அவந்தான். இன்னைக்கு நான் உசுரோட ஒங்கிட்டப் பேசுறேன்னா, அது அவனாலதான்."

நல்லமுத்து வேறு பக்கம் திரும்பி நின்றான். ஸ்வெட்டர் கையால் மூக்கைத் துடைத்தான். கூலிக்குக் கல் தூக்கியவன் என்று அவள் சொன்ன அன்றுகூட அவன் அந்தச் சத்தியத்தை உடைக்கவில்லை. முகம் கறுத்துப் போனதுதான் அவன் சொன்ன பதில்.

அழகம்மாவுக்கு வேறொன்று ஞாபகம் வந்து நெஞ்சில் இறங்கியது. குவைத்திலிருந்து வந்த முதல் நாள் சோறு போட்டுக்கொண்டிருந்தபோது மருதவீரன் கேட்டான், கடைசியாய் அனுப்பிய கேசட்டை முழுசாகக் கேட்டாயா என்று. கேட்டேன் என்றாள், சுருக்கென்று. அவன் தட்டிலிருந்து தலையைத் தூக்கி அவளையே பார்த்தான். அப்புறம் சாப்பிடத் தொடங்கினான். சாகும்வரை அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. பயந்துவிட்டான் என்றுதான் அவள் இவ்வளவு காலமும் நினைத்திருந்தாள். அவன் பயப்படவில்லை. காமாலையையும் கல்லையும் முதுகில் சுமந்ததையும் எல்லாம் கேட்டும் இவளுக்கு மனசு இளகவில்லை என்று நினைத்துக்கொண்டான். அப்படி நினைத்துக்கொண்டே அவள் கையால் சாப்பிட்டு, அவளோடு ஒரே காம்பராவில் படுத்து எழும்பி, செத்தும் போனான்.

"இது ஒங்களுக்கு முன்னமே தெரியுமாக்கா?" என்று கேட்டான் பிரதாப்.

"பாதி குடுத்தது தெரியும்" என்றாள் அழகம்மா. "எழுதுங்க. கீழ் ரெண்டும் அவனுக்கு."

கூட்டம் அவளைப் பார்த்த பார்வையை அவள் பார்க்கவில்லை. யாரோ காறித் துப்பியது மட்டும் கேட்டது. பிரதாப் குனிந்து எழுதினான், இரண்டு பேரிடமும் கையெழுத்து வாங்கினான். அதற்குள் பாதிப் பேர் கலைந்துவிட்டார்கள். பெட்டி மட்டும் பெஞ்சில் ஓடிக்கொண்டே இருந்தது. மருதவீரன் இப்போது மெதுவாக, பக்கத்தில் யாரோ தூங்குகிற மாதிரித் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தான்.

"அழகம்மா, நீ வந்தன்னைக்கு நான் ஒங்கிட்ட ஒண்ணு கேப்பேன். இப்பவே சொல்லிர்றேன், நான் கேக்கப்போறது என்னன்னா..."

அவள் குனிந்து பெட்டியில் காதை வைத்தாள். நல்லமுத்து வந்து அதைத் தன் பக்கம் இழுத்து, கவிழ்த்து, பின்மூடியைத் திறந்தான். முதல் பெட்டரி வெளியே வந்ததும் குரல் அறுந்தது.

"தம்பி." ஒரு வருடத்துக்கு அப்புறம் அவள் அவனை அப்படிக் கூப்பிட்டாள். "இன்னுங் கொஞ்சம் ஓடட்டும். என்ன கேட்டாருன்னு மட்டும் கேட்டுக்கிறேன்."

நல்லமுத்து நிமிர்ந்து பார்க்கவில்லை. இரண்டாவதை எடுத்தான், மூன்றாவதை எடுத்தான், நாலாவது சிக்கிக்கொண்டதை நகத்தால் நெம்பி எடுத்தான்.

"இருவது வருசமா கேசட்டு ஒங்ககிட்டத்தான மதினி இருந்துச்சு."

நாலையும் ஸ்வெட்டர் பைக்குள் போட்டுக்கொண்டு லயத்துக்கு இறங்கிப் போனான்.